சிகரெட்டின் நஞ்சைக் குறைக்க முடியுமா?



இன்று நான் பேசப் போவது சிகரெட்டைப் பற்றி. "இதையே எத்தனை தடவை ஐயா கேட்பது?" என்று வானொலியை மூடிவிடாதீர்கள். புகைப்பது கெடுதல் என்பது உங்கள் வீட்டுச் சின்னப் பையனுக்கும் தெரியும். பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. கெடுதல் இல்லாத சிகரெட்டைச் செய்ய முடியுமா? முழுவதும் இல்லாவிட்டாலும், கெடுதல் குறைந்த சிகரெட்டையாவது செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலகத்தில் எழுபது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அல்ல.

1970ஆம் ஆண்டுகளில் நான் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரசராக இருந்தேன். அங்கே பால்மரம் வெட்டுகிறவர் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். விடியற்காலை இருட்டில் பெரட்டு முடிந்து மரத்தடிக்குப் போகும்போதே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவார். "கொசு கிட்ட வராது டிரசரையா" என்பார். பில்ட்டர் இல்லாத முரட்டுச் சிகரெட், நாளுக்கு ஒரு பெட்டி. ஒருநாள் இருமல் என்று மருந்துக்கு வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். சளி கரகரவென்றது. "அண்ணே, இதை விட்டுவிடுங்கள்" என்றேன். "முடியலையே ஐயா" என்றார். "அப்படியானால் பில்ட்டர் வைத்ததற்காவது மாறுங்கள்" என்று சொல்லி, இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னபடியே மாறினார்.

அப்போது எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களிலும் பலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்போர்ட் ஹில் என்ற இருவரும், அமெரிக்காவில் வைண்டர், கிரேகம் என்ற இருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்கள். 1953இல் வைண்டர் குழுவினர் சிகரெட் புகையில் படியும் தாரை எடுத்து எலிகளின் முதுகில் பூசிப் பார்த்தார்கள். எலிகளுக்குப் புற்று வந்தது. சிகரெட் கம்பெனிகள் கலங்கிப்போயின. 1954 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகைகள் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, "எங்கள் பொருள் கெடுதல் என்று நாங்கள் நம்பவில்லை, ஆனாலும் ஆராய்ச்சிக்கு உதவுவோம்" என்ற கருத்தில் பேசின. வாயால் அப்படிச் சொல்லிக்கொண்டே கையால் பில்ட்டர் சிகரெட்டைக் கடைக்கு அனுப்பின. கெடுதலே இல்லாத பொருளுக்கு வடிகட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அன்று கேட்டவர்கள் குறைவு.

அந்தப் பில்ட்டர்களில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். கென்ட் என்ற சிகரெட் 1952இல் புதுவகைப் பில்ட்டரோடு வந்தது. உடம்புக்கு மிகப் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். 1956 வரை அந்தப் பில்ட்டருக்குள் இருந்தது நீலக் கல்நார். ஆமாம், பழைய கூரைத் தகடுகளில் இருக்குமே, அந்தக் கல்நார் இனம்தான். அதிலும் மிகக் கொடியது. பில்ட்டருக்கான காகிதத்தைச் செய்த ஆலையில் வேலை பார்த்தவர்களிலேயே பலர் பிற்காலத்தில் கல்நார் நோயால் மாண்டார்கள். நஞ்சை வடிகட்ட வைத்த பொருளே நஞ்சு!

சரி, கல்நாரை எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த பில்ட்டர்கள் ஏன் காப்பாற்றவில்லை?

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளையாக உள்ளே போகும் ஷீட் சில நாளில் தேன் நிறமாக வெளியே வரும். அந்த நிறம் விறகுப் புகையில் வந்தது. ஈர விறகை எரித்தாலும் காய்ந்த விறகை எரித்தாலும், எரிகிற பொருள் எதுவானாலும் புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் இருக்கும். சிகரெட் முனையில் எரிவதும் ஒரு சிறு அடுப்புத்தான். அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் ஏறக்குறைய எழுபது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பில்ட்டர் தாரில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். வாயுவை அது எப்படித் தடுக்கும்? கொசுவலையைக் கட்டி அடுப்புப் புகையை நிறுத்த முடியுமா?

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1967 முதல் அமெரிக்க அரசு சிகரெட்டை இயந்திரத்தில் வைத்துச் சோதித்தது. இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். அதில் தார் குறைவாக வந்தால் அது 'லைட்', 'மைல்ட்' என்று பெயர் பெற்றது. தாரைக் குறைக்க என்ன செய்தார்கள் தெரியுமா? பில்ட்டரைச் சுற்றி ஊசிமுனை அளவில் பல துளைகளைப் போட்டார்கள். இழுக்கும்போது வெளிக்காற்று துளை வழியாக உள்ளே வந்து புகையோடு கலக்கும். இயந்திரத்தின் கணக்கில் தார் குறைந்துவிடும்.

ஆனால் இயந்திரத்துக்கு விரல் கிடையாது, உதடு கிடையாது. மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளில் பலவற்றை மூடிவிடும். அது மட்டுமா? இயந்திரத்துக்கு ஏக்கமும் கிடையாது. மனிதன் சிகரெட்டில் தேடுவது நிகோடினை. லண்டனில் மைக்கேல் ரசல் என்ற டாக்டர் 1976லேயே இதை விளக்கினார். மனிதர் புகைப்பது நிகோடினுக்காக, சாவது தாரினால் என்பது அவர் கண்ட உண்மை. பழகிப்போன உடம்புக்கு நாள்தோறும் இவ்வளவு நிகோடின் என்று ஓர் அளவு வேண்டியிருக்கிறது. கொடுப்பதைக் குறைத்தால், அவன் ஆழமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான், நுனிவரை இழுப்பான்.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் பாலில் தண்ணீர் சேர்ந்துவிட்டால், அதே காய்ந்த ரப்பர் எடைக்கு எத்தனை வாளி கூடுதலாகச் சுமக்க வேண்டும்? 'லைட்' சிகரெட் பிடிக்கிறவர் செய்வதும் அந்தச் சுமைதான். வாளிக்கு வாளி புகை கூடுகிறது. அந்தப் புகையோடு தாரும் உள்ளே போகிறது.

என்னிடம் வந்த அந்த அண்ணனும் 1980களில் பில்ட்டரிலிருந்து 'லைட்'டுக்கு மாறினார். இந்தத் தடவை நான் சொல்லவில்லை, விளம்பரம் சொன்னது. ஒரு பெட்டி ஒன்றரைப் பெட்டி ஆயிற்று. ஐம்பத்தைந்து வயதில் லயத்துப் படி நான்கு ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்குவார். நுரையீரல் அடைப்பு நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "நீங்க சொன்னபடிதானே மாத்தினேன் ஐயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் பிற்காலத்தில் கிடைத்தது. 2001இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஐம்பது ஆண்டு ஆதாரங்களையும் அலசிப் பார்த்து, தார் குறைந்த சிகரெட்டால் மக்களுக்கு நோய் குறைந்ததற்குத் தக்க சான்று இல்லை என்று சொன்னது. 2004இல் வந்த ஓர் ஆய்வு 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தது. நடுத்தரத் தார், குறைந்த தார், மிகக் குறைந்த தார் ஆகிய மூன்று வகைச் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஒன்றுபோலவே இருந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பில்ட்டரே இல்லாத, தார் மிகுந்த பழைய சிகரெட் இவற்றைவிட மோசம் என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே நான் அன்று சொன்னது முழுப்பொய் அல்ல. ஆனால் அந்த ஆறுதலை நம்பித்தானே அவர் விடாமல் இருந்தார்? 2014இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 1950களுக்குப் பிறகு செய்த மாற்றங்களால் நுரையீரலில் வரும் ஒருவகைப் புற்றுநோயின் ஆபத்து கூடியிருக்கிறது என்று அது கூறுகிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தம் தீர்ப்பில், தெரிந்தே மக்களை ஏமாற்றினார்கள் என்று எழுதினார். 'லைட்', 'மைல்ட்' போன்ற ஏமாற்றுப் பெயர்களை விலக்க வேண்டும் என்பது 2005இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் விதிகளில் ஒன்று. மலேசியாவும் அதே ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பில்ட்டர் இருப்பது புகைப்பவர் வாய்ப்பக்கம். எரிகிற முனையிலிருந்து கிளம்பும் புகைக்கு எந்தப் பில்ட்டரும் கிடையாது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதுதான் போகிறது. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் புகைக்காத மனைவிமார் 90,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்தார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்ததை 1981இல் வெளியிட்டார்.

"நான் குறைத்துக்கொண்டேன், நாளுக்கு ஒன்றுதான்" என்பவர்களும் உண்டு. குறைப்பது நல்லதுதான். ஆனால் 2018இல் 141 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு உள்ள இருதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கக் கண்டார்கள். பீடி இலையில் சுற்றியது, இயற்கையானது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பீடியில் தாரும் விஷவாயுவும் சிகரெட்டைவிடக் கூடுதல். புகையே இல்லாத வெற்றிலை, பாக்கு, புகையிலை? நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடம்தான், அதிலும் பெண்களிடம், மிகுதியாகக் காணப்பட்டது. வெற்றிலைப் பழக்கம் அதற்கு முக்கிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும். பாட்டிமார் என்னைக் கோபிக்க வேண்டாம்.

அந்த அண்ணனின் மகனுக்கு இப்போது ஐம்பது வயது. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அண்மையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கையில் வேப் கருவி, மாம்பழ வாசனை. "மாமா, இது சிகரெட் மாதிரி இல்லையே, பரவாயில்லைதானே?" என்று கேட்டார். அப்பா விட்டுப்போன இடத்திலேயே மகன் வந்து நிற்கிறாரே என்று எனக்குப் பகீரென்றது.

இந்தத் தடவை யோசித்துத்தான் பதில் சொன்னேன். எரிக்காமல் நிகோடினைக் கொடுப்பது என்பது பழைய முயற்சி. 1988இல் அமெரிக்காவில் பிரிமியர் என்று சூடு மட்டும் பண்ணும் சிகரெட் ஒன்று வந்து, மறு ஆண்டே கடையிலிருந்து போய்விட்டது. இன்று அந்த வகை பெருகிவிட்டது. 2020இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை, அத்தகைய கருவி ஒன்று உடம்பில் சேரும் நச்சைக் குறைக்கிறது என்று விளம்பரம் செய்ய அனுமதித்தது. நோயைக் குறைக்கிறது என்று சொல்ல அனுமதிக்கவில்லை. வேப்பைப் பற்றி 2015இல் இங்கிலாந்துச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிட 95 விழுக்காடு கெடுதல் குறைவு என்று சொன்னது. அந்தக் கணக்குக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மற்ற மருத்துவர்கள் மறுத்தார்கள். தாரும் விஷவாயுவும் குறைவு என்பது உண்மை. நிகோடினின் பிடி அப்படியேதான் இருக்கிறது. ஐம்பது ஆண்டு புகைத்தால் என்ன ஆகும் என்று சிகரெட்டுக்குத் தெரியும். வேப்புக்கு இன்னும் ஐம்பது ஆண்டு ஆகவில்லை.

"தம்பி, நீ சிகரெட்டை அறவே விட்டுவிட்டு இதற்கு மாறியிருந்தால், நுரையீரலுக்குப் போகும் நஞ்சு குறைந்திருக்கும். இதையும் அதையும் சேர்த்துப் பிடித்தால் பலன் இல்லை. இதையும் விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள். உன் பையன் இதைத் தொட்டால் அவனுக்கு இது நஞ்சு குறைப்பதல்ல, நஞ்சு தொடங்குவது" என்றேன். நம் நாட்டில் 2024 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குச் சிகரெட்டானாலும் வேப்பானாலும் விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. கடைக்காரர் மறந்தாலும் பெற்றோர் மறக்கக்கூடாது.

விடுவது எப்படி என்று கேட்பீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் எம்-குவிட் என்ற சேவை இருக்கிறது. நிகோடின் சேர்த்த சூயிங்கம், ஒட்டுப் பட்டை போன்றவையும் உண்டு. புகையில்லாமல் ஏக்கத்தை மட்டும் தணித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. முதல் வாரம்தான் கடினம். ஆசை எழும்பும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் அலை இறங்கிவிடும். ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், வாசலுக்கு எழுந்து போய் வாருங்கள். முதல் தடவை தோற்றுப்போனால் வீட்டார் ஏளனம் செய்யாதீர்கள். பலபேர் பல தடவை முயன்றே விட்டிருக்கிறார்கள்.

இத்தனை வயதுக்குப் பிறகு விட்டு என்ன பயன் என்பவர்களுக்கு, நான் முதலில் சொன்ன ரிச்சர்ட் டால் ஐம்பது ஆண்டு இங்கிலாந்து டாக்டர்களையே கவனித்து 2004இல் சொன்ன கணக்கு இருக்கிறது. விடாமல் புகைத்தவர்கள் சராசரி பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்து ஆண்டையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பதையும், ஐம்பதில் ஆறையும், அறுபதில் விட்டவர்களும் மூன்று ஆண்டையும் திரும்பப் பெற்றார்கள்.

லோரி ஓட்டும் அந்தத் தம்பியிடம் இந்தக் கணக்கைத்தான் கடைசியாகச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆறா மாமா?" என்றார். கிளினிக்குக்கு வியாழக்கிழமை கூட்டிப்போவதாக அவர் மனைவி சொன்னார்.