தோடர் வீட்டின் மதிப்பு



ஒரு வீட்டை மதிப்பிடுவோர் முதலில் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது வழக்கம். அண்டை வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரிப்பர், அறைகளை எண்ணுவர், கட்டடத்தின் வயதுக்கு ஏற்பச் சிறிது கழிப்பர். ஒரே மாதிரியான வீடுகள் நிறைந்த தெருவுக்கு இம்முறை போதும். அண்டை வீடுகளோடு எவ்வகையிலும் ஒவ்வாத வீடு ஒன்று எதிர்ப்பட்டால் என் செய்வது?

நீலகிரியில் தோடர் வாழும் ஊருக்கு மந்து என்று பெயர். மந்துகளில் இன்று காணப்படுபவை பெரும்பாலும் ஓட்டு வீடுகளும் காங்கிரீட் வீடுகளுமே. அவற்றினிடையே பழைய வடிவில் நிற்கும் வீடு மிக அரிது. நீளவாக்கில் பிளந்த பீப்பாயைத் தரையில் கவிழ்த்து வைத்தாற்போன்ற தோற்றம். சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம். மூங்கிலை வில்லாக வளைத்துப் பிரம்பால் வரிந்து புல் வேய்ந்திருப்பர். சன்னல் கிடையாது. வாயிலோ மூன்றடி உயரந்தான். எத்துணைப் பெரிய மனிதரும் தவழ்ந்தே உள்ளே புகுதல் வேண்டும்!

அறை ஒன்று, காற்றோட்டம் இல்லை, கூரை புல் என்று எழுதினால் மதிப்பு ஏறக்குறைய சூனியமாகிவிடும். ஆனால் அக்குறைகளை ஒவ்வொன்றாக நோக்குங்கள். வளைந்த கூரையில் மழை நீர் தங்காது. மலைக்காற்று மோதி நிற்கவும் இடமில்லை. சிறு வாயில் குளிரையும் விலங்கையும் வெளியே நிறுத்துகிறது. வயதைக் கழிப்பதும் எளிதன்று. புல்லைத்தான் அவ்வப்போது புதுப்பித்து விடுகிறார்களே, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ஆம் ஆண்டில் உதகையில் தம் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அக்காலத்தில் அதன் அண்டை வீடுகள் தோடர் குடில்களே. அன்று அம்மலையில் ஒவ்வாத வீடு அந்தப் பங்களாதான். தோடர் ஒருவர் தம் வழக்கப்படி அதை மதிப்பிட்டிருந்தால், வாயில் மிகப் பெரிது, குளிர் புகும் என்றே குறைத்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

மற்றொரு கணக்கும் உண்டு. அதே வீட்டை மீண்டும் கட்ட என்ன செலவாகும் என்று பார்ப்பது அது. இங்கேதான் உண்மையான தொல்லை. நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் சீகை, தைல மரத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. தோடர் கோயிலுக்கு வேயும் புல் வளர்கிற சதுப்பு நிலங்களும் சுருங்கிவிட்டன. கூலியைக் கணக்கிடலாம், மூங்கிலுக்கும் பிரம்புக்கும் சந்தையில் விலை உண்டு. புல்லுக்கு நேராக எந்தத் தொகையை எழுதுவது?