முன்னெழுத்துக்குள் மறைந்த முன்னோர்

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம், "உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?" என்று கேட்டால், பல வேளைகளில் மௌனமே விடையாகக் கிடைக்கும். ஆற்காட்டுப் பக்கம், வேலூர்ப் பக்கம் என்று திசையைச் சொல்லுவர். ஊரின் பெயர் நினைவுக்கு வராது. இதை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாம் பெயர் வைத்துக்கொள்ளும் முறைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

நம் வழக்கில் தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிறது. பேரன் பிறந்ததும் அந்த எழுத்து மாறுகிறது. பாட்டனார் பெயர் காகிதத்தை விட்டு நீங்கிவிடுகிறது. பெண்மக்களுக்கோ திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்து வந்து சேர்வதால், பிறந்த வீட்டின் அடையாளமே மறைந்துபோகிறது. சொந்த ஊரில் இருப்போருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. குலதெய்வக் கோயிலும் நிலமும் பங்காளிகளும் சாட்சியாக நிற்பர். 1809-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் தோன்றிய பின், படையைச் சார்ந்த தொழில்களை நாடி இங்கே வந்து குடியேறினவர்கள் அந்தச் சாட்சிகளைப் பின்னே விட்டுவந்தனர்.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்வோரின் நிலை வேறு. பெங்களூர் வளர்த்த இரு கிரிக்கெட் வீரர்களைப் பார்ப்போம். இருவரும் இந்திய அணிக்குத் தலைமை வகித்தவர்கள். டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகள் வீழ்த்திய அனில் கும்ப்ளேயின் பெயரில், காசர்கோட்டுப் பகுதியிலுள்ள கும்பளை என்ற ஊர் இன்றும் வாழ்கிறது. 13,288 ஓட்டங்கள் எடுத்த ராகுல் திராவிட் மராத்தி பேசும் குடும்பத்தில், 1973-இல் இந்தூரில் பிறந்தவர். வடக்கே வாழ்ந்த அக்குடும்பத்தின் பெயரோ தென்னாட்டைச் சுட்டுகிறது. முன்னோர் தஞ்சையிலிருந்து சென்றவர்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு பெயர் ஊரைக் காட்டுகிறது. மற்றொன்று திசையை மட்டுமே காட்டுகிறது. சென்ற ஆண்டையும் சென்றவர் பெயரையும் இரண்டுமே சொல்லவில்லை. பெயர் வழிகாட்டுமே ஒழிய, வழி முழுவதும் உடன் வராது.

சில வேளைகளில் பெயர் நம்மை வழி தவறவும் செய்யும். சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடியான புச்சிபாபு நாயுடுவின் புதல்வர்களுள் ஒருவர் கோட்டா ராமசாமி. 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936-இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப் போனதால் அவர் பெயரில் 'கோட்டா' சேர்ந்தது. உடன்பிறந்தோர் பெயரில் அது இல்லை. தத்துப் போன செய்தியை அறியாதவர், ஆட்டக்காரர் பட்டியலை மட்டும் பார்த்து இவர்களைச் சகோதரர் என்று எவ்வாறு அறிவார்?

ஆயினும் குடும்ப வரலாறு தேடுவோருக்கு விளையாட்டு ஒரு நல்ல துணை. எளிய குடும்பத்துப் பிள்ளையின் பெயரும் அச்சில் ஏறும் இடம் அது. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர், பெங்களூர்க் கால்பந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ராமன். ஒலிம்பிக் ஏடுகளில் அவர் பெயர் 'சாரங்கபாணி ராமன்' என்று விரிவாகவே பதிவாகியிருக்கிறது. 'எஸ். ராமன்' என்று சுருங்கியிருந்தால், அந்த ஓர் எழுத்துக்குள் இருப்பவர் யார் என்று பிற்காலத்தார் எப்படி அறிவர்?

நம் வீடுகளிலும் கால்பந்து உடையில் கைகட்டி நிற்கும் பெரியப்பாவின் புகைப்படமோ, மங்கிப்போன வெள்ளிக் கோப்பையோ இருக்கக்கூடும். 'அவர் பெரிய ஆட்டக்காரர்' என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோம். எந்த அணி, எந்த ஆண்டு, உடன் நிற்பவர் யார் என்று படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவைப்போம். பிறகு பழைய செய்தித்தாள்களில் அந்த ஆண்டின் அணிப் பட்டியலைத் தேடுவோம். வீட்டார் சொல்லும் பெருமை அச்சில் உள்ளதோடு பொருந்தினால் மகிழ்வோம்; பொருந்தாவிடில் உள்ளபடியே குறித்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழ், திருமணப் பத்திரிகை, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு, ஊர் நிலப்பத்திரம் ஆகியவையும் உதவும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. காகிதங்கள் காத்திருக்கும்; வீட்டிலுள்ள முதியோரின் நினைவு காத்திராது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியாரின் அருகில் அமர்ந்து, தந்தைவழியில் மட்டுமன்றித் தாய்வழியிலும் பெயர்களைக் கேட்டு, முன்னெழுத்துகளை முழுப் பெயராக விரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். அயல்மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பேரக் குழந்தைகளுக்கு நாம் வாங்கித் தரும் எந்தப் பொருளும் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு ஈடாகாது.