காலிக்கு ஒரு நாட் பயணம்

கொழும்பு மாநகரிலே வாழ்பவர்க்கு ஓய்வு நாள் ஒன்று வாய்க்குமாயின், நகரை விட்டு எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. இக்காலத்தில் அவ்வாவல் பெரும்பாலும் மோட்டார் வண்டியையே நாடுகின்றது. கடலைக் காணப் புறப்படுவோர் தாம் செல்லும் முறையினால் அக்கடற்கரைக்கே தீங்கு விளைதல் கூடும் என்பதை எண்ணுவதில்லை. அதே ஊருக்குக் கோட்டை நிலையத்திலிருந்து நாள்தோறும் புகையிரதம் செல்கின்றது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

புகையிரதப் பயணம் பூமிக்குப் பாரம் குறைந்தது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. தண்டவாளத்தின்மீது உருக்குச் சில்லு உருளும்போது எழும் தடை, தார் வீதியில் இறப்பர்ச் சில்லு உருளும்போது எழும் தடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. கரையோரப் பாதையின் வண்டிகள் இன்றும் டீசல் எண்ணெயினாலேயே இயங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் ஓர் இயந்திரம் நூற்றுக்கணக்கானோரை இழுத்துச் செல்வதால், ஆளொருவருக்கென எரியும் எண்ணெய் சிறிதளவே. அன்றியும், நேர அட்டவணைப்படி ஓடும் வண்டி ஒருவர் ஏறினும் ஏறாவிடினும் ஓடியே தீரும். அதிலே வெறிதாய்க் கிடக்கும் ஆசனத்தில் அமர்பவர் புதிதாக எரிக்கும் எண்ணெய் மிக அற்பம்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர்வதே அப்பாதையின் முதல் நோக்கம். தெற்கு நோக்கிய கரையோரப் பாதை 1894இல் காலியையும், 1895இல் மாத்தறையையும் எட்டியது. 2019இல் அது பெலியத்தை வரை நீண்டது.

காலிக்குச் செல்பவர் வண்டியின் வலப்புறத்தில் அமர்தல் நன்று. கொள்ளுப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை, தெகிவளை வரை கடல் சாளரத்துக்கு மிக அண்மையிலே தோன்றும். பாணந்துறையைக் கடந்தபின் தென்னந்தோப்புகள் தொடர்கின்றன. வாதுவை, களுத்துறைப் பகுதிகளிலே மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்து கள் இறக்குவோரின் திறம் வியக்கத்தக்கது. களுகங்கையின் பாலத்தைக் கடந்து, பின்னர் பெந்தோட்டை ஆற்றையும் கடந்தால் மேல் மாகாணம் முடிந்து தென் மாகாணம் தொடங்கிவிடும். இவற்றையெல்லாம் வீதியின்மேற் கண்பதித்து வண்டி ஓட்டுபவர் காண்பது எங்ஙனம்?

ஹிக்கடுவையை அணுகுமுன் வருவது பெரலிய என்னும் சிற்றூர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, அவ்விடத்திலே நின்ற புகையிரதம் ஒன்றைப் புரட்டி எறிந்தது. அதிலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிடுங்கியெறியப்பட்ட தண்டவாளங்கள் மீண்டும் இடப்பட்டு, 2005ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கின. அப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் விளைந்தது. மனிதர் செய்கையால் அன்று. ஆனால் உலகம் வெப்பமுற்றுக் கடல்மட்டம் ஆண்டாண்டாக உயர்ந்து வருவதோ மனிதர் எரிக்கும் எண்ணெயினாலும் நிலக்கரியினாலும் நேர்வது. கருங்கற்களைக் குவித்து அணையிட்டுக் காக்கவேண்டிய நிலையிலே பல இடங்களில் இப்பாதை கடலோரமாய்க் கிடக்கின்றது. ஆகவே, கடலைக் காணச் செல்பவர் எதில் ஏறிச் செல்கின்றார் என்பது அவர் விருப்பத்தோடு முடிந்துவிடும் காரியம் அன்று.

ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் வண்டி காலியை அடைந்துவிடும். நிலையத்திலிருந்து கோட்டை வாயில் நடந்து செல்லக்கூடிய தொலைவே. போர்த்துக்கேயர் தொடங்கி வைத்த கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, கருங்கல்லாலும் பவளக் கல்லாலும் பெருமதில் எழுப்பினர். 1988இல் அது உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. கடற்பெருக்கின் நீரே புகுந்து கழுவிச் செல்லும்படி ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்கள், இயற்கையோடு இயைந்த நகரமைப்புக்கு நல்ல சான்று. 1755ஆம் ஆண்டின் தேவாலயம், 1939இல் எழுந்த வெளிச்சவீடு, அதன் அருகேயுள்ள பள்ளிவாசல் யாவும் மதிலைச் சுற்றி நடந்தே காணத்தக்கவை. கோட்டையினுள்ளே தெருக்கள் ஒடுக்கமானவை. அங்கே மக்கள் குடியிருக்கின்றனர். மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் அவர்களுடைய வாசலையே அடைத்து நிற்கும். நடந்து வருபவரோ யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை.

காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல் ஒன்று தமிழருக்கு உரிமையோடு பேசுவது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. சீன மொழியிலே புத்தபிரானும், தமிழிலே தேனாவரை நாயனாரும், பாரசீகத்திலே அல்லாஹ்வும் போற்றப்பெறுகின்றனர். தென்கரைத் துறைகளிலே அந்நாளில் தமிழ் வழங்கிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. பயணத்துக்கு முன்னர் அதனைப் பார்த்துச் செல்பவர்க்குக் காலித் துறைமுகம் வேறொரு பொருளோடு தோன்றும்.

இத்தகைய பயணத்துக்கு வேண்டும் ஆயத்தம் சிறிது. திரும்பும் வண்டியின் நேரத்தை முன்னரே கேட்டறிதல் வேண்டும். குடிநீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டு சென்றால், வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்கள் கடற்கரையில் சேரா. உணவை அவ்வூர்ச் சிறு கடைகளிலே வாங்கி உண்டால், வருபவர் செலவிடும் பணம் அங்குள்ளவர் கைக்கே போய்ச் சேரும். கூட்டம் மிகுந்த விடுமுறை நாட்களைத் தவிர்த்து வேறு நாளைத் தெரிந்துகொள்வோர்க்கு ஆசனமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும்.

மாலை வண்டியில் திரும்புவோர் இடப்புறத்தில் அமர்ந்தால் ஞாயிறு கடலில் மறைவதைக் காணலாம். கண்டு மகிழ்ந்த கரை பின்வருவோர்க்கும் அவ்வாறே இருத்தல் வேண்டுமெனின், செல்வோர் அதற்கேற்ற வண்டியைத் தெரிதல் வேண்டும். காலிக்கு அவ்வண்டி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றது.