காணாமற்போன ஓசை



படத்தைவிட ஓசையே நெஞ்சோடு நெருங்கியது என்பது வானொலி கேட்டுப் பழகியோர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலிருந்து சவூதி அரேபியாவுக்கும் கத்தாருக்கும் உழைக்கச் சென்றோர் பலர். ஊர்ப் பள்ளிவாசலில் நிகழும் றமழான் பயானை அங்கிருந்தே பார்க்க இன்று இணையம் வழிசெய்கிறது. படம் வந்து ஓசை வாராதொழியின், பயான் செய்பவரின் வாயசைவையே அவர்கள் பார்த்திருக்க நேரும்.

ஒலிவாங்கியின் ஓசையையும் கமராவின் படத்தையும் சுருக்கி, ஒன்றாக்கி, இணையத்துக்கு அனுப்புவது ஒரு கணினி. ‘என்கோடர் சேர்வர்’ என்பது அதன் பெயர். கணினி ஊரில் ஓர் அறையிலிருக்க, அதன் நுட்பம் அறிந்தவர் கொழும்பிலோ தோஹாவிலோ இருத்தல் கூடும். விண்டோஸ் கணினியாயின், ‘ரிமோட் டெஸ்க்டொப்’ என்னும் வசதியால் அதன் திரையைத் தம்முன் வரவழைத்து அவர் பழுது பார்ப்பார்.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்கிறது. அவர் இணைந்ததும், ஒலிக்கருவிகளின் பட்டியலில் இருந்த ஒலிவாங்கியும் ஒலி அட்டையும் மறைந்துவிடுகின்றன. ‘ரிமோட் ஓடியோ’ என்ற ஒரு பெயரே எஞ்சுகிறது. அட்டை பழுதென்று கருதிப் புதியது வாங்குவோரும் உண்டு. ஊரிலிருப்பவர் நேரில் சென்று திரையைத் திறந்தாலோ, கருவிகள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கும். வைத்தியர் வந்தபோது மட்டும் தோன்றும் நோய் இது!

காரணம் யாது? தொலைவிலிருந்து கணினியை இயக்கும் இம்முறையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 இல் வெளியிட்டது. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, ஓசையையும் பயனாளர் இருக்குமிடத்துக்குத் திருப்பும் ஏற்பாடு சேர்ந்தது. தொலைவிலிருப்பவரும் கேட்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் அவ்வாறு திருப்பும்போது, அந்த இணைப்புக்குள் சேர்வரின் சொந்த ஒலிக்கருவிகள் மறைக்கப்படுகின்றன. நன்மை கருதிச் செய்த ஏற்பாடே ஒலிபரப்புவோர்க்கு இடையூறாயிற்று.

கரைவாகு வயல்களில் பயிர்செய்வோர் இதனை எளிதில் உணர்வர். வயலில் தண்ணீர் இல்லையென்றால் குளம் வற்றிற்று என்று அவர்கள் உடனே சொல்லார். எம்மடை திறந்தது, எம்மடை அடைத்தது என்று வட்டவிதானையோடு வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பர். இங்கும் ஓசை வற்றவில்லை, மடை மாறியிருக்கிறது.

மடையைத் திருப்புவதும் எளிது. இணையுமுன், ரிமோட் டெஸ்க்டொப்பின் அமைப்புகளில் ஒலிக்குரிய பகுதியைத் திறந்து, ‘தொலைக் கணினியிலேயே ஒலிக்கட்டும்’ என்னும் தெரிவை இடவேண்டும். ஏற்கெனவே இணைந்திருப்பின், துண்டித்து மீண்டும் இணையவேண்டும். என்கோடர் மென்பொருள் தொடங்கும்போதே கருவிகளை எண்ணிக்கொள்வதாயின், அதனையும் மூடித் திறத்தல் நன்று. திரையை மட்டும் காட்டும் வி.என்.சி. போன்ற வழிகளால் நுழைந்தால் இச்சிக்கல் எழுவதில்லை.

அதன்பின்னும் கருவிகள் தோன்றாவிடின் இரண்டைச் சோதிக்க வேண்டும். சேர்வர்களுக்கென அமைந்த விண்டோஸ் பதிப்புகள் பலவற்றில் ஒலிச்சேவை தானே தொடங்காது. அதனைத் தொடக்கிவைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த மேகக் கணினியாயின், அதில் ஒலி அட்டையே இராது. மென்பொருளாலான போலி ஒலிக்கருவி ஒன்றை நிறுவ வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது காலம். ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையில், நிலைமையைப் பார்ப்போமே என்று தொலைவிலிருந்து நுழைவதே ஓடிக்கொண்டிருந்த ஓசையை அறுத்துவிடக் கூடும். ஆதலின் இஷாத் தொழுகைக்குப் பின் பயான் தொடங்குமெனின், அஸருக்கு முன்பே இணைந்து, சோதித்து, விலகி, விலகிய பின்னும் ஓசை வருகிறதா என்று ஊரிலுள்ள ஒருவரைக் கேட்டறிதல் வேண்டும்.

பொருளைப் பழிக்குமுன் வழியைப் பார்ப்பவரே பழுதறிபவர். அவர் காட்டும் அந்தச் சிறு கவனத்தால், தோஹாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் ஒரு மகனுக்குத் தன் ஊர்ப் பள்ளிவாசலின் குரல் குறைவின்றிக் கேட்கும்.