ஒரு விகுதியின் வழக்கு

சென்ற கூட்டத்தில் இதே படிப்பகத்தில் நின்று, சு.சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி' நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன். சுயம்பு என்னும் பெயரோடு பொறியியல் கல்லூரிக்குச் சென்று, உள்ளத்தில் ஊறிய பெண்மையை உரைக்கவும் முடியாமல், ஒளிக்கவும் முடியாமல் உழன்று, பின்னர் மேகலை என்னும் பெயரோடு எழுந்து நிற்கும் திருநங்கையின் கதை அது. கைதட்டல் கிடைத்தது. கண்களைத் துடைத்துக்கொண்டோரும் உண்டு. கூட்டம் கலைந்தபின், நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த இளந்தோழர் ஒருவர் அருகே வந்தார். "அண்ணே, மேகலைன்னு பேர் வந்த பிறகும் அவன், அவன்னே சொன்னீங்களே, தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"அட, கதைதானே தம்பி!" என்றேன் நான். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மிச்ச நாற்காலிகளை மடிக்கப் போய்விட்டார்.

கதைதானே! அந்தச் சொல்லைத்தான் இன்று உங்கள் முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன். இதை ஏட்டிலே படிக்கும் தோழரே, நீங்களும் நீதிபதியின் இருக்கையில் அமருங்கள்.

நம் மொழியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். 'நான் வந்தேன்' என்பதில் ஆண் இல்லை, பெண் இல்லை. 'நீ வந்தாய்' என்பதிலும் இல்லை. மறைந்து வாழும் ஒருவர் தமிழிலே நாளெல்லாம் பேசலாம். தம் நாவினாலே தம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுந்து வெளியே போன மறுகணம், திண்ணையில் இருப்பவர் வாயைத் திறக்கிறார். 'போனான்' என்கிறார், அல்லது 'போனாள்' என்கிறார். பெயரைச் சொல்லாவிட்டாலும் வினைமுற்று விடாது. வாலைப் பிடித்து இழுத்துவந்து ஒரு பக்கத்தில் நிறுத்திவிடும். ஆக, தமிழில் இது பேசப்படுபவரின் கையில் இல்லை. பேசுகிறவரின் கையில், நம் கையில் இருக்கிறது.

விகுதி சிறியது, அதற்கு இத்தனை வழக்கா என்று கேட்கும் உரிமை வேறு எவருக்கு இருந்தாலும், நமக்கு உண்டா? எழுபது வயது உழவரைப் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை 'வந்தான்' என்று சொன்ன நாட்டில் அல்லவா 1925இல் சுயமரியாதை இயக்கம் தோன்றியது! 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயரின் வாலில் தொங்கிய சாதிப் பட்டத்தை அறுத்தெறிந்தவர்கள் நாம். 'ஆன்' விகுதியை 'ஆர்' ஆக்குவதற்கு அடிபட்டோர் எத்தனை பேர்! இழிசொற்களை ஒதுக்கி, 'திருநங்கை' என்னும் சொல்லை மக்கள் நாவில் ஏற்றி, 2008இல் திருநங்கையர் நலவாரியம் கண்டது கலைஞர் அரசு. 2015இல் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கொடுத்ததைப் படிப்பகத்தில் பறித்துக்கொள்வதா?

"இலக்கணம் இடங்கொடுக்காதே" என்பார் சிலர். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். நன்னூலை மேடைக்காகப் படித்தவன். புலவர்கள் பொறுத்தருள்க. ஆயினும் பவணந்தியார் பெயரியலில் சொல்வதைப் பாருங்கள்: பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால். அவாவுதல் என்கிறார், தோழர்களே! உடலைச் சோதித்து வா என்று சொல்லவில்லை. ஊரைக் கேட்டு வா என்று சொல்லவில்லை. உள்ளத்தின் விருப்பை அளவுகோலாக வைக்கிறார். அடுத்த அடியில், இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று சேர்க்கிறார். அதை நான் ஏற்கமாட்டேன். மனிதரை 'அது' என்பதற்கு எந்தப் பழமையும் எனக்குச் சான்றாகாது.

"சரி, மேகலை ஆனபின் அவள் என்போம், சுயம்புவாக மறைந்திருந்த காலத்தில் அவன் என்பதுதானே உண்மை?" என்று அடுத்த கேள்வி வருகிறது. நல்ல கேள்வி, இங்கேதான் நானும் தடுக்கினேன். உயிரோடு உலவும் ஒருவர் நம்மிடம் மட்டும் மனத்தைத் திறந்தால், அவருடைய வீட்டு வாசலில் நின்று 'அவள்' என்று கூவுவது மரியாதையன்று, காட்டிக்கொடுத்தல். அங்கே அவர் எந்தச் சொல்லைக் கேட்கிறாரோ அதுவே சொல். ஆனால் கதைப் பாத்திரத்துக்கு அந்த ஆபத்து இல்லை. வீட்டார் அறியாததை ஆசிரியர் நம் காதில் போட்டுவிட்டார். நாம் அறிந்தவர்கள். அறிந்தபின்னும் அறியாத வீட்டாரின் சொல்லையே சொன்னால், நாம் எவர் பக்கம் நிற்கிறோம்?

நாடகம் எழுதுகிறவன் என்பதால் என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். அண்ணன் பாத்திரம் 'டேய்' என்று அதட்டட்டும். ஊர்க்காரர் 'அவன்' என்று எள்ளட்டும். அது அந்தப் பாத்திரங்களின் அறியாமை. அதை மாற்றினால் நாடகமே பொய்யாகும். ஆனால் அடைப்புக்குறிக்குள் நான் எழுதும் குறிப்பு இருக்கிறதே, 'கண்ணாடி முன் நிற்கிறாள்' என்று, அது என் வாய். கதையை விளக்க மேடை ஏறுகிறவரின் வாயும் அத்தகையதே. ஆசிரியரே 'அவன்' என்று எழுதியிருந்தால் மேற்கோளில் அப்படியே இருக்கட்டும். மேற்கோள் முடிந்த இடத்தில் நம் பொறுப்பு தொடங்குகிறது.

வம்பே வேண்டாம், எல்லாருக்கும் 'அவர்' போட்டுவிடலாமே என்றார் நண்பர் ஒருவர். வாழும் மனிதரைப் பற்றி ஐயம் இருக்கும்போது அது நல்ல சொல்தான். கதையிலோ, நாயகன் 'அவன்', நாயகி 'அவள்', இவர் ஒருவர் மட்டும் 'அவர்' என்றால், அது மரியாதையா, வேலியா? தன் பால் எதுவென்று பாத்திரமே தெளியாத கதையாயிருந்தால், பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வாக்கியம் சற்று நொண்டும், நொண்டட்டும்.

மேகலைக்குக் காது கிடையாது. நான் எதைச் சொன்னாலும் ஏட்டுக்குள் இருக்கும் அவளுக்கு வலிக்காது. ஆனால் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். வீட்டிலும் சொல்லாமல், நண்பரிடமும் சொல்லாமல், இந்தப் பேச்சாளர் மேகலையை எப்படிச் சொல்கிறார் என்று மட்டும் கூர்ந்து கேட்டு, இந்த இயக்கத்தில் தமக்கு இடம் உண்டா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் நான் அன்று ஒரு மணி நேரம் 'அவன், அவன்' என்று விடை சொல்லிவிட்டேன்.

நாற்காலி மடித்த அந்தத் தோழரை அதன்பின் நான் காணவில்லை. வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம் என்கிறார்கள் கிளைத் தோழர்கள், இருக்கலாம். இந்த ஏடு எங்கும் போகிறது, அவருடைய கைக்கும் எட்டும் என்று நம்பியே எழுதுகிறேன். தோழரே, அன்று உங்களைக் கேளாமலே 'தம்பி' என்றேன். அது சரிதானா என்று எனக்குத் தெரியாது.