தண்ணி கேட்ட பிள்ளைக்குத் தண்ணி குடுங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



காலையிலிருந்து கடன், வட்டி, தவணைன்னு பேசியாச்சு. நான் வாந்திபேதியைப் பற்றிப் பேசப் போறேன். முகம் சுளிக்காதீங்க.

என் தம்பி மூணு வயசில் அதில்தான் போனான். தண்ணி தண்ணின்னு அழுதான். குடுத்தா இன்னும் போகும்னு வீட்டில் சொன்னாங்க, யாரும் குடுக்கல. அவன் கை நீட்டின அந்தச் சொம்பைப் பற்றி அம்மா இன்னிக்கும் பேசுவாங்க.

காலரா, கெட்ட தண்ணியில் வரும் கிருமி. அதோட நஞ்சு, உடம்பில் இருக்கும் தண்ணியையும் உப்பையும் குடல் வழியா வெளியே கொட்ட வைக்கும். பெரிய ஆளையே சில மணி நேரத்தில் சாய்ச்சிடும். வெறும் தண்ணி மட்டும் போதாது. சர்க்கரையும் உப்பும் அளவோடு சேர்ந்தா, அந்த நேரத்திலும் குடல் தண்ணியை உள்ளே இழுத்துக்கும்.

1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் பக்கம் வந்தப்போ, முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூணையும் தண்ணியில் கரைச்சு, நோயாளிகளின் சொந்தக்காரங்க கையிலேயே டம்ளரைக் குடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது.

அதுக்கப்புறம் நடந்தது நம்ம மாதிரிப் பெண்கள் கதை. 1980-லிருந்து பத்து வருஷம், வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாப் போனாங்க. மூணு விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. ஒரு கோடி வீட்டுக்கு மேல் சொல்லிக்குடுத்தாங்க. சம்பளம் எப்படித் தெரியுமா? பின்னாடி வேற ஆள் போய் அந்தத் தாயைக் கேட்பாங்க. அவங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ, அதுக்கேத்த கூலி! நம்ம பயிற்சிகளுக்கும் இப்படி வச்சா எங்களுக்கெல்லாம் எவ்வளவு கிடைக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன்.

நமக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அரசு சுகாதார நிலையத்திலேயே கிடைக்குது. கலக்கிறதில்தான் தப்பு. டம்ளர் தண்ணியில் கொஞ்சம் கொட்டி, மீதியை மடிச்சு வைக்கிறோம். உப்பு கூடினாலும் ஆபத்துதான். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணியில், பெரிய பாக்கெட்னா 1 லிட்டரில், முழுசையும் ஒரே தடவையாக் கொட்டணும். காய்ச்சி ஆற வச்ச தண்ணி. 24 மணி நேரம் ஆச்சுன்னா புதுசாக் கலக்கணும். பாக்கெட் இல்லையா? 1 லிட்டருக்குத் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனா. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. பிள்ளைக்கு ஜிங்க் மாத்திரை குடுத்தா, பேதி நின்னாலும் 14 நாளும் முடிக்கணும்.

அரிசி கழுவின தண்ணி மாதிரிப் போனா, கண் உள்ளே போனா, மூத்திரம் நின்னா, பிள்ளை துவண்டா உடனே ஆஸ்பத்திரி. சலைனும் ஆன்டிபயாடிக்கும் அங்கே டாக்டர் பார்த்துக் குடுக்கட்டும். மெடிக்கல்ல நாமா கேட்டு வாங்க வேண்டாம். முழுங்க முடியுற வரைக்கும் வழியிலும் குடுத்துக்கிட்டே போங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம், பின்னால மேசையில் லிட்டர் பாட்டிலும் பாக்கெட்டும் இருக்கும். குழுவுக்கு ஒருத்தர் வந்து கலக்கிக் காட்டுங்க. அடுத்த மாசம் உங்க ஊருக்கு வருவேன். உங்களைக் கேட்க மாட்டேன். உங்க பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்பேன்.