கிங்காங்குக்கு யார் இருக்கா?

(தலைப்பு: போட்டி மனிதர்களைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா? 'சேர்க்கிறது' அணியில், ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து வந்த நேயர் பேசியது)



எதிரணிச் சகோதரி சொன்னாங்க, "போட்டின்னு வந்துட்டா அண்ணன் தம்பிகூட அந்நியமாயிடுவாங்க"ன்னு. நானும் ஒரு அண்ணன் தம்பி கதையோடதான் வந்திருக்கேன். நடுவுல ரெண்டு பயில்வான்கள் வருவாங்க, பயப்படாதீங்க. (சிரிப்பு)

நம்ம ஊர்ல ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தா என்ன கேக்கறோம்? "மனசுல பெரிய தாராசிங்னு நினைப்பா?" (சிரிப்பு, கைதட்டல்) யாருங்க இந்த தாராசிங்? பஞ்சாப்காரர். 1947-ல் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே மல்யுத்தம் பழகியவர். அவர் பேர் எப்படி நம்ம வீட்டுத் திண்ணைப் பேச்சுல நுழைஞ்சது? அவர் தனியா நுழையலை. கூட ஒருத்தர் வந்தார். கிங்காங்.

கிங்காங்குன்னா சினிமாக் குரங்கு இல்லை. அன்றைய ஹங்கேரியில் பிறந்த மனுஷன். நிஜப்பெயர் எமில் சாயா. எடை கிட்டத்தட்ட 200 கிலோ. தாராசிங் 130 கிலோ. 1950களில் இந்த ரெண்டு பேரும் ஊர் ஊராகப் போய் மோதினார்கள். மெட்ராஸுக்கும் வந்தார்கள். கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இன்றைக்கு நேரு ஸ்டேடியம் இருக்கிற இடம்.

அப்போது ஈக்காட்டுத்தாங்கல் என்றால் வயலும் அடையாற்றங்கரையும்தான். கிண்டியில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, தாத்தா தன் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியவர் என் பெரியப்பா. சின்னவர் என் அப்பா. அதோ, மூணாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கார். (கைதட்டல்)

ஸ்டேடியமே "தாராசிங்! தாராசிங்!"னு கத்துது. அப்பாவும் கத்தறார். பெரியப்பா மட்டும் "கிங்காங்!"னு கத்தறார். தாத்தா, "ஏண்டா, ஊரே ஒரு பக்கம் நிக்குது, நீ என்னடா?"ன்னு கேட்டாராம். அதுக்குப் பெரியப்பா சொன்ன பதில்: "எல்லாரும் அந்தாளுக்கே கத்தினா, கிங்காங்குக்கு யார் இருக்கா?"

அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டைங்க. மேடைச் சண்டை ஒரு ராத்திரில முடிஞ்சுபோச்சு, எங்க வீட்டுச் சண்டை அரை நூற்றாண்டு ஓடுச்சு. 1968-ல் பம்பாயில் தாராசிங் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை ஜெயிச்சப்போ அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். 1970-ல் கார் விபத்துல அடிபட்டு கிங்காங் சிங்கப்பூரில் இறந்துபோனப்போ பெரியப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. 1987-ல் தூர்தர்ஷன் 'ராமாயண'த்துல தாராசிங் அனுமாரா வந்தார். ஊரே கும்பிடுது. பெரியப்பா மட்டும், "பாருடா, உன் ஆளு வாலோட வந்திருக்கான்"ங்கறார். (பலத்த சிரிப்பு)

ஒரு ரசிகன் எப்படிங்க உருவாகிறான்? தாராசிங் தனியா வந்து தசையைக் காட்டிட்டுப் போயிருந்தா, பார்த்துட்டு மறந்திருப்பாங்க. எதிரே 200 கிலோ நின்னதாலதான் இவர் தூக்கினது தெரிஞ்சுது. சின்ன வயசுல ஒரு பக்கம் நின்னுட்டவன், அந்தப் பக்கத்துக்காக ஆயுசு பூரா வாதாடுவான். ஆனா வாதாட எதிர்ல ஒருத்தன் வேணுமே!

நடுவர்: தம்பி, இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு ஆடறதுன்னு சொல்றாங்களே?

ஐயா, உண்மைதான். இப்போ டி.வி.யில வர்ற மல்யுத்தம் அப்படித்தான். 1989-ல் நியூ ஜெர்சி மாநில அரசுகிட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப் கம்பெனியே "இது பொழுதுபோக்குதான்"னு ஒத்துக்கிச்சு. கதாநாயகன் ஜெயிப்பான்னு தெரிஞ்சுதானே நாமளும் சினிமாவுக்குப் போறோம்? முடிவு முன்னாடியே பேசினதா இருக்கலாம். கீழே விழற முதுகு நிஜம் ஐயா. கத்தற தொண்டையும் நிஜம். (கைதட்டல்)

நானும் பெரியப்பா பையனும் டிரம்ப் கார்டு வெச்சு விளையாடி வளர்ந்தவங்க. நான் பிரெட் ஹார்ட் பக்கம், அவன் ஷான் மைக்கேல்ஸ் பக்கம். 1997 நவம்பர்ல, மாண்ட்ரியல்ல, பிரெட் ஹார்ட்டுக்கே தெரியாம கம்பெனி முதலாளி மணி அடிக்கச் சொல்லி, அவர் தோத்துட்டதா அறிவிச்சாங்க. அது நாடகம் இல்லை, நிஜமான துரோகம். அவருக்கும் ஷான் மைக்கேல்ஸுக்கும் பேச்சே நின்னுபோச்சு.

எங்க வீட்லயும் பேச்சு நின்னது. 2003-ல் பாகப்பிரிவினை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மூணு அடிச் சந்து. அது யாருக்குன்னு ஆரம்பிச்சு, அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கறதையே விட்டுட்டாங்க. தாராசிங்குக்கும் கிங்காங்குக்கும் சண்டை போட்டப்போ ஒரே தட்டுல சாப்பிட்டவங்க, மூணு அடி மண்ணுக்காகப் பிரிஞ்சாங்க.

2010 ஜனவரி 4. பிரெட் ஹார்ட்டும் ஷான் மைக்கேல்ஸும் மேடையிலேயே கை கொடுத்து, கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. டி.வி.யில பார்த்துட்டு அப்பாகிட்ட ஓடினேன். "அப்பா, பன்னிரண்டு வருஷப் பகை, அவங்களே பேசிட்டாங்க. நீங்க பெரியப்பாகிட்ட பேசக் கூடாதா?" அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "போடா, அதெல்லாம் நாடகம்!" (சிரிப்பு) வாழ்நாள் பூரா "நாடகம் இல்லை"ன்னு வாதாடின மனுஷன்!

2012 ஜூலை 12. காலையில டி.வி.யில செய்தி: தாராசிங் காலமானார், வயது 83. அப்பா காபி டம்ளரைக் கீழே வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டார். கொஞ்ச நேரத்துல கதவு தட்டற சத்தம். திறந்தா, பெரியப்பா. ஒன்பது வருஷம் மிதிக்காத வாசப்படி. உள்ளே வந்தார், அப்பா பக்கத்துல உட்கார்ந்தார். "டேய்... உன் ஆளு போயிட்டான்டா"ன்னார்.

அப்பா அண்ணன் தோள்ல சாஞ்சு அழுதார் ஐயா. (அரங்கில் நீண்ட கைதட்டல்)

துக்கம் கேக்க வந்தது சொந்தக்காரன் இல்லை, எதிர்க்கட்சி. தாராசிங் போனா இந்த வீட்ல யாருக்கு வலிக்கும்னு கிங்காங் ரசிகனுக்குத்தான் தெரியும். அந்தச் சந்து இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கு. 2015 வெள்ளத்துல அடையாறு ஊருக்குள்ள வந்தப்போ, அந்தச் சந்து வழியாத்தான் பெரியப்பாவைத் தூக்கிட்டு எங்க மாடிக்கு ஏறினோம்.

2018-ல் பெரியப்பா காலமானார். அதுக்கப்புறம் அப்பா மல்யுத்தம் பத்திப் பேசறதையே நிறுத்திட்டார். ரெண்டு வருஷம். ஒரு நாள் என் பையன், "தாத்தா, தாராசிங்தானே பெரிய ஆளு?"ன்னு கேட்டான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னடா பெரிய ஆளு? கிங்காங் ஒரு கையை வெச்சா எந்திரிக்க முடியாது தெரியுமா!"ன்னார்.

எனக்கு ஒண்ணும் புரியலை. "என்னப்பா, கட்சி மாறிட்டீங்களா?"ன்னேன்.

"இல்லடா. அண்ணன் போயிட்டார். கிங்காங்குக்கு யார் இருக்கா?"